தமிழ்த் தளத்தின் விளம்பரப் பணம் வங்கிக்கு வந்து சேரும் வழி

தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ், தமிழில் எழுதும் தளங்களுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2018 பிப்ரவரியில். இன்று மொழி ஒரு தடையில்லை. ஆனாலும் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்குவதில் தொடங்கி, டாலர் ரூபாயாகி சேமிப்புக் கணக்கில் விழும் வரை முழுப் பாதையையும் கடந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. எழுத்தும் டிராஃபிக்கும் சரியாக இருக்கும் தளங்களிலேயே பணம் மாதக்கணக்கில் நிற்கிறது. பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் ஆவணத்தில் வேறு மாதிரியும் இருப்பதே காரணம், முகவரியும் அப்படித்தான். ஆகவே தளம் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம் ஊரில் பெயர் இனிஷியலோடுதான் இருக்கும். ஆதாரில் ‘முருகன் எஸ்’, பாஸ்புக்கில் ‘எஸ். முருகன்’, பான் கார்டில் தந்தை பெயரை விரித்து ‘முருகன் செல்வராஜ்’. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். வேறுபாடு அங்கேதான் பிறக்கிறது. மூன்றும் ஒரே ஆள் என்பது கிளை மேலாளருக்குப் புரியும். வெளிநாட்டிலிருந்து வரும் தொகையைப் பெயர் பார்த்து வரவு வைக்கும் பிரிவுக்குப் புரியாது. முதல் வேலையாக பான் நகலைக் கொண்டுபோய் வங்கிக் கணக்கின் பெயரை பானில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். ஆட்சென்ஸில் பணம் பெறுபவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேதான். அடையாளச் சரிபார்ப்புக்குக் கொடுக்கும் ஆவணமும் இதே பெயரில் இருந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

ஆட்சென்ஸ் கணக்கு தொடங்கும்போது கேட்கும் இரண்டு விஷயங்களைப் பிறகு திருத்த முடியாது. ஒன்று நாடு, மற்றொன்று தனிநபரா நிறுவனமா என்பது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு அங்கிருந்தே கணக்குத் தொடங்குபவர்கள், ஊருக்குத் திரும்பியதும் அதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஒரு கணக்குதான். பழைய யூடியூப் சேனலுக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கு இருந்தாலும் புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்படும். வயது 18 ஆகாதவர்கள் பெற்றோர் பெயரில்தான் செய்ய வேண்டும்.

டொமைனை உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் பெயரில் வாங்குங்கள். தளம் வடிவமைத்துத் தரும் நண்பர் தன் கணக்கிலேயே வாங்கிக் கொடுப்பது இங்கே சகஜம். அப்படி வாங்கினால் பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். வாங்கியவுடன் வரும் சரிபார்ப்பு மின்னஞ்சலை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் டாட் காம் போன்ற டொமைன்கள் நிறுத்தி வைக்கப்படும். முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்பு விலையைப் பார்த்து முடிவெடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தொடர் பற்று விதிகள் வந்த பிறகு, டொமைன் விற்கும் வெளிநாட்டுப் பதிவாளர்களிடம் கொடுத்து வைத்த இந்திய கார்டுகளிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பல நேரம் தோற்றுப்போகிறது. காலாவதியான டாட் காம் மீட்பு நிலைக்குப் போய்விட்டால் அங்கே 30 நாள் இருக்கும். அப்போது மீட்கக் கட்டணம் பல மடங்கு.

ஏற்கெனவே யாரோ பயன்படுத்திவிட்ட பழைய டொமைன் என்றால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் முந்தைய பக்கங்களைப் பாருங்கள். சூதாட்டமோ திருட்டுப் படமோ ஓடிய தளம் என்றால் எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. ‘.இந்தியா’ என்ற தமிழ் முடிவிலும் டொமைன் வாங்கலாம். ஆனால் சில இடங்களில் அந்த முகவரி புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித் தெரியும். அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் டொமைனை இணைப்பவர்கள் பலர் சறுக்கும் இடம் டிஎன்எஸ், அதாவது டொமைன் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கும் பதிவுகள். ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ முகவரிக்கு ஒரு சிநேம் (இன்னொரு பெயரைச் சுட்டும் பதிவு), உரிமையை உறுதிசெய்ய இன்னொரு சிநேம். இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘டபிள்யூ’க்கள் இல்லாத வெறும் டொமைனுக்கு நான்கு ஏ ரெக்கார்டுகளும் (எண் முகவரியைச் சுட்டும் பதிவுகள்) வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. ஆட்சென்ஸில் தளத்தைச் சேர்ப்பது வெறும் டொமைனாகத்தான். அது திறக்காவிட்டால், உங்கள் போனில் தளம் நன்றாகத் தெரிந்தாலும், ‘தளம் கிடைக்கவில்லை’ என்றே பதில் வரும். வேர்ட்பிரஸில் இதே பதில் வந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு பிளகின் (கூடுதல் நிரல்), பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலைத் தடுத்திருக்கும். எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று அந்த நிரலுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் ஒருமுறை பாருங்கள்.

பதிவின் முகவரியை ஆங்கில எழுத்திலேயே அமையுங்கள். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறியோடு விரியும்போது 9 எழுத்து. ‘பருத்தி சாகுபடி’ என்ற இரண்டே சொல் நடுக்கோட்டோடு சேர்த்து 127 எழுத்தாகிவிடும், வாட்ஸ்அப்பில் பகிரும்போது முகம் சுளிக்க வைக்கும். பிளாகரோ தமிழ்த் தலைப்பைக் கண்டால் ‘பிளாக் போஸ்ட்’ என்று பொதுப்பெயர் வைத்துவிடுகிறது. வெளியிடும் முன்பே நீங்கள் முகவரியைத் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

அனுமதிக்கு இத்தனை பதிவு வேண்டும் என்று கூகுள் எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை. ஒரே துறையில் 25 கட்டுரையாவது நிறைவாக எழுதிவிட்டு விண்ணப்பிப்பது நல்லது என்பது என் கருத்து. ‘மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்’ என்ற நிராகரிப்புக்குத் தமிழ்த் தளங்களில் சில தனிக் காரணங்கள் உண்டு. நாளிதழ்ச் செய்தியைச் சொல் மாற்றி எழுதுவது, பாடல் வரிகள், வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவக் குறிப்புகள், எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போடுவது. படத்துக்குள் எழுதிய தமிழையும் நம்பி இருக்காதீர்கள். மேலே அழகிய எழுத்துருவில் ஐந்து பத்தி, கீழே உண்மையான எழுத்து இரண்டு வரி என்றால் அந்தப் பக்கம் ஏறக்குறைய காலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வைத்திருந்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினாலும் இதே கதி. மெனுவில் இருக்கும் ஒவ்வொரு பிரிவிலும் பதிவு இருக்க வேண்டும். குக்கீயையும் மூன்றாம் தரப்பு விளம்பரத்தையும் குறிப்பிடும் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம். பரிசீலனை சில நாளில் முடியும், சில தளங்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நிராகரித்த அன்றே ஒன்றும் மாற்றாமல் மறுபடி அனுப்புவதால் பயனில்லை.

அனுமதி கிடைத்ததும், உங்கள் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ் டெக்ஸ்ட் கோப்பை, டொமைன் பெயருக்கு அடுத்தபடியே திறக்கும் முதல் நிலையில் வையுங்கள். உங்கள் 16 இலக்க வெளியீட்டாளர் எண் அதில் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

வருமானத்தை ஆர்பிஎம் என்ற கணக்கில் பாருங்கள்: 1000 பக்கப் பார்வைக்கு எத்தனை டாலர். அது அரை டாலர் என்று வைத்துக்கொண்டால், 20,000 பார்வைக்கு 10 டாலர், 100 டாலருக்கு இரண்டு லட்சம் பார்வை. கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் தமிழர்கள் படிக்கும் பதிவுகளுக்கு இது கூடுதலாகவே இருக்கும், அங்கே விளம்பரதாரர்கள் கொடுக்கும் விலை அதிகம். அவசரத்தில் குடும்ப குரூப்பில் ‘விளம்பரத்தைத் தொடுங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே பகுதியிலிருந்து திடீரென வரும் சொடுக்குகள் எளிதில் பிடிபடும். முதலில் பிடித்தம், பிறகு கணக்கே போகும்.

10 டாலர் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்கப் பின் எண் கடிதமாக வரும். சாதாரணத் தபால், எங்கே வருகிறது என்று பார்க்கும் வசதி கிடையாது. இரண்டு முதல் நான்கு வாரம். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். கிராமமென்றால் தெருவுக்கு அடுத்து அஞ்சல் ஊரின் பெயர், வட்டம், பின்கோடு. முகவரியின் இரண்டாவது வரியில் தந்தை பெயரையும் கைபேசி எண்ணையும் சேர்த்தால் தபால்காரருக்குச் சுலபம். ஊரில் அவருக்குத் தெரிந்தது உங்கள் அப்பா பெயராகத்தான் இருக்கும். தபால் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பின்னை மூன்று முறை தவறாக இட்டால் விளம்பரம் நிற்கும். முதல் பின் அனுப்பிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சரிபார்க்காவிட்டாலும் அப்படியே.

அடுத்து அமெரிக்க வரிப் படிவம், டபிள்யூ-8பென். இதில் வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எண். படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாம் ஆண்டின் முடிவு வரை செல்லும்.

வங்கி விவரத்தில் ஸ்விஃப்ட் கோடு, அதாவது வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு, 8 அல்லது 11 எழுத்து. பல சிறு கிளைகளுக்கு அது கிடையாது. அப்போது அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்கி இடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைத்ததை இட வேண்டாம். மாத வருமானம் அடுத்த மாதம் 3ஆம் தேதிக்குள் இறுதியாகும், 100 டாலர் சேர்ந்திருந்தால் 21 முதல் 26க்குள் அனுப்புவார்கள். வங்கி விவரத்தில் திருத்தம் இருந்தால் 20ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். பணம் வந்ததும் வங்கி எதற்கான தொகை என்று கேட்கும். விளம்பரச் சேவைக்கான பி1007 என்ற நோக்கக் குறியீட்டைச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பணம் வங்கியிலேயே காத்திருக்கும், சில சமயம் திரும்பிப் போகும். கூகுளில் பார்க்கும் டாலர் விலை கைக்கு வராது. வங்கியின் மாற்று விலை குறைவு, அதோடு கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும். ஒவ்வொரு வரவுக்கும் அந்நிய வரவுச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள்.

உங்கள் இணைப்பு வழியாக நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் தரும் அஃபிலியேட்டில் இத்தனை படி இல்லை, ரூபாயிலேயே வரும். அமேசான் இந்தியா திட்டத்தில் சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும். உங்கள் இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலோ கூடையில் போட்டாலோதான் கமிஷன். சொந்தமாக வாங்குவது சேராது. விலையைக் கட்டுரையில் தட்டச்சு செய்து வைக்கக் கூடாது, அது அடிக்கடி மாறும். கமிஷன் இணைப்பு என்பதை இணைப்புக்கு அருகிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். கமிஷனில் பிடிக்கப்பட்ட வரி (டிடிஎஸ்) உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள்.

மார்ச்சில் சம்பாதித்த விளம்பரப் பணம் ஏப்ரல் கடைசியில்தான் கைக்கு வரும், அதாவது அடுத்த நிதியாண்டில். சம்பாதித்த தேதியை வைத்தோ வந்த தேதியை வைத்தோ ஏதாவது ஒரு முறையில் கணக்கு எழுதி, வருடா வருடம் அதையே தொடருங்கள். முதல் ரிட்டர்னுக்கு முன் ஆடிட்டரிடம் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.