ஹாங்காங் நாட்குறிப்பு, ஜூன் 2021

ஜூன் 17, வியாழன்

காலையில் ஏறத்தாழ 500 காவலர்கள் ‘ஆப்பிள் டெய்லி’ நாளிதழின் அலுவலகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் ரையன் லா உட்பட ஐந்து பேர் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள். 2019 முதல் வெளிவந்த முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஹாங்காங் மீதும் சீனா மீதும் வெளிநாடுகள் தடை விதிக்க வேண்டும் என்று கோரியதாகக் காவல்துறை சொல்கிறது. அவை எந்தக் கட்டுரைகள் என்பதைச் சொல்லவில்லை. அவற்றைப் பகிர்ந்தால் குற்றமாகுமா என்று நிருபர்கள் கேட்டதற்கு, சந்தேகத்துக்கு இடம் தராமல் இருப்பது நல்லது என்பதுதான் பதில். எந்தக் கட்டுரைகள்?

ஜூன் 18, வெள்ளி

வீடு மாறும் நாள் நெருங்குவதால் இணைய நிறுவனத்தை அழைத்தேன். புதிய கட்டடத்துக்கு அவர்களுடைய இணைப்பு கிடையாதாம்; இருந்தும் ஒப்பந்தத்தின் எஞ்சிய மாதங்களுக்கான தொகை முழுவதையும் நான் கட்ட வேண்டுமாம். எந்த விதியின்படி என்று கேட்டேன். “நிபந்தனைகளில் உள்ளது” என்றார் அந்தப் பெண். எந்தப் பிரிவு என்று கேட்டதற்கும் அதே வாக்கியத்தை அதே பணிவோடு சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. முடிவை எடுத்தவர் தொலைபேசிக்கு வருவதில்லை. வருகிறவருக்கு முடிவின் காரணம் சொல்லப்படுவதில்லை.

‘ஆப்பிள் டெய்லி’ இன்று ஐந்து லட்சம் பிரதிகள் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஜூன் 19, சனி

ரையன் லாவுக்கும் தலைமை நிர்வாகி சியுங் கிம்-ஹங்குக்கும் பிணை மறுக்கப்பட்டது.

ஜூன் 20, ஞாயிறு

ஜிம்மி லாய் 1995இல் இதே தேதியில்தான் பத்திரிகையைத் தொடங்கினார். இன்று அவர் சிறையில் இருக்கிறார்.

ஜூன் 22, செவ்வாய்

ஹாங்காங் அரசின் தலைவர் கேரி லாம் இன்று செய்தியாளர்களிடம் பேசினார். அரசை விமர்சிப்பதில் சிக்கல் இல்லை, தேசியப் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்பதே குற்றம் என்கிறார். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதை எழுதுகிறவர் எப்படி அறிவார்? கோடு தெரிந்தால் அதற்கு இந்தப் பக்கம் நின்று எழுதலாம், அல்லது விளைவை அறிந்தே தாண்டலாம். தெரியாதபோது, ஒவ்வொரு ஆசிரியரும் தன் அச்சத்தின் அளவுக்குத் தானே ஒரு கோடு போட்டுக்கொள்வார், அது நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும், தணிக்கை அதிகாரி ஒருவர்கூடத் தேவைப்பட மாட்டார். இந்த ஐந்து நாட்களில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். வழக்கு முடியும் முன்பே பத்திரிகையின் 1.8 கோடி ஹாங்காங் டாலர் சொத்துகள் முடக்கப்பட்டதால், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. தீர்ப்புக்கு முன்பே தண்டனை நிறைவேறிவிட்டது.

ஜூன் 23, புதன்

தலையங்கம் எழுதுபவர் ஒருவரும் கைதாகியிருக்கிறார். நாளைய இதழே கடைசி. இணையதளம் நள்ளிரவோடு நிற்கும் என்று சந்தாதாரர்களுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது.

இணைய நிறுவனத்தை மறுபடியும் அழைத்தேன். நெடுநேர இசைக்குப் பிறகு வேறொருவர் வந்தார். அவரும் “நிபந்தனைகளில் உள்ளது” என்றார்.

ஜூன் 24, வியாழன்

பத்து லட்சம் பிரதிகள்! நள்ளிரவுக்குப் பிறகும் மோங் கோக் பகுதியில் மக்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பத்து டாலர் கொடுத்து ஒரு பிரதி வாங்கினேன். வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

ஜூன் 26, சனி

தொலைத்தொடர்புக் கட்டணத் தகராறுகளுக்கென இங்கே ஒரு சமரசத் திட்டம் இருக்கிறது. 300 டாலருக்குக் குறையாத பிணக்கை அங்கே கொண்டு செல்லலாம். அதைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதியதும், பிரிவு எண்ணும் அதன் முழு வாசகமும் மின்னஞ்சலில் வந்துவிட்டன. படித்தேன், என் நிலைக்கு அது பொருந்தாது என்று பதில் எழுதினேன். என் மாதக் கட்டணத்துக்குக் கிடைத்த இந்த உரிமை, சிறையிலிருக்கும் ஆசிரியருக்கும் கிடைக்க வேண்டும்: எந்த வரி குற்றம் என்று கைதுக்கு முன்பே சொல்லப்பட வேண்டும்.

ஜூன் 27, ஞாயிறு

இரவு, விமான நிலையத்தில் இன்னொரு கைது. அதே பத்திரிகையில் கட்டுரைகள் எழுதிவந்த ஃபங் வாய்-கோங். எந்தக் கட்டுரை என்று இப்போதும் சொல்லவில்லை.