கணைய அழற்சியும் ‘குடிப்பாரோ’ என்ற கேள்வியும்

சென்ற ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து, மறுவீட்டுச் சொதிச் சாப்பாடும் ஆன அன்று இரவு, அத்தானுக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி தொடங்கியது. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று அக்கா ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். வலி அடங்காமல் முதுகுக்குப் பாய்ந்தது. மல்லாந்து படுக்க முடியாமல், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் குனிந்தபடியே விடியும்வரை இருந்தார். கணையம் அழன்றவர்கள் இப்படிக் குனிந்துதான் ஓரளவு ஆறுதல் தேடுவார்கள் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மருந்துக்கடை மாத்திரைகளில் இரண்டு நாள் கழித்துவிட்டு, மூன்றாம் நாள்தான் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கணையம் அழன்றால் இரத்தத்தில் கூடும் அதன் நொதிகளில் அமைலேஸ் சில நாட்களிலேயே இறங்கிவிடும், லைபேஸ் இன்னும் சில நாள் உயர்ந்தே நிற்கும் என்பதால், தாமதமாகப் போயும் நோய் பிடிபட்டது. வலியின் தன்மை, இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத அமைலேஸ் அல்லது லைபேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் திடீர்க் கணைய அழற்சி என்று முடிவு செய்கிறார்கள்.

பார்க்க வந்த உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டது, “அத்தான் தண்ணி கிண்ணி போடுவாவளோ?” என்பதுதான். நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்து, ஒரு சொட்டும் தொடாத மனிதர் அவர். கேள்வி அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று மாலையே, யார் கேட்டாலும் குடல் புண் என்று சொல்லும்படி அக்காவிடம் சொல்லிவிட்டார். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தச் சொல்தான்.

இரைப்பைக்குப் பின்னால், ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில் குறுக்காகக் கிடக்கும் கணையம், உணவைச் செரிக்கும் நொதிகளையும் இன்சுலினையும் சுரக்கிறது. நொதிகள் செயலற்ற நிலையில் புறப்பட்டு, குடலை அடைந்த பிறகே விழித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றான டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், அது மற்ற நொதிகளையும் எழுப்பிவிட, உறுப்பு தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. கணையம் தன்னையே செரிக்கிறது என்பது 1896இல் நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி முன்வைத்த கருத்து. பித்த நாளமும் கணைய நாளமும் குடலில் திறக்கும் வாயில் ஒரு சிறு கல் அடைத்துக்கொள்வதை 1901இல் அமெரிக்க நோயியல் அறிஞர் யூஜின் ஓபி பிணக்கூறாய்வில் கண்டு எழுதினார். அத்தானுக்கு நடந்ததும் அதுவே. பித்தப்பையில் அசையாமல் கிடக்கும் பெரிய கல்லைவிட, நாளத்தில் நழுவி இறங்கும் கடுகளவுக் கற்கள்தான் இதில் அதிகம் அஞ்சத்தக்கவை.

குடி ஒரு பெருங்காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பல ஆண்டு மிகுகுடியின் விளைவு, குடிப்போர் எல்லாருக்கும் அது வருவதுமில்லை. புகையிலை தனியாகவே ஆபத்தைக் கூட்டுகிறது. வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் நம் பக்கத்தில், பீடி குடிப்பாரா என்று நோயாளியிடம் எந்த உறவினரும் கேட்டு நான் பார்த்ததில்லை. டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது, இரத்தத்தில் கால்சியம் மிகுவது, சில மருந்துகள், வயிற்றில் படும் அடி, பரம்பரை மரபணு மாற்றம், உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்குவது ஆகியவையும் காரணங்களாகும்.

திடீர் அழற்சி ஐந்தில் நான்கு பேருக்கு வீக்கத்தோடு நின்று, திரவமும் வலிமருந்தும் ஏற்றத் தணிந்துவிடும். மற்றவர்களுக்குத் திசு அழுகி, சிறுநீரகமும் நுரையீரலும் தளரலாம். நாட்பட்ட அழற்சி வேறு வகை. அதில் கணையம் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்குகிறது. நொதி குறைவதால் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், உடல் மெலியும், பின்னர் சர்க்கரை நோயும் வரும். நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் பலன் உண்டு.

இந்த நாட்பட்ட வகையில் நம் மண்ணுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் மிகுதியாகவும், தமிழ்நாட்டிலும் காணப்பட்ட வெப்பமண்டலக் கணைய அழற்சி அது. குடிப்பழக்கமே இல்லாத, மெலிந்த இளம் வயதினருக்குச் சிறு பிராயத்திலேயே வயிற்றுவலி தொடங்கி, கணைய நாளத்தில் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும் அளவு கற்கள் சேர்ந்து, வாலிபத்தில் சர்க்கரை நோயில் கொண்டுவிடும். மரச்சீனிக் கிழங்கிலுள்ள சயனைடு கூறுகள்மேல் நெடுநாள் பழி இருந்தது. அக்கிழங்கை அன்றாடம் உண்ணும் வேறு பல நாடுகளில் இந்நோய் அரிதாகவும், அதைத் தொடாதவர்களிடமும் இது காணப்படுவதாலும் அப்பழி நிலைநிற்கவில்லை. ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றம் பலரிடம் காணப்பட்டிருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்லும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குச் சாக்குச் சொல்வதாகக் கடிந்துவிட்டு, அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு நான்காம் நாள் நொய்க் கஞ்சி கொடுத்தார்கள். கல் மறுபடியும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த மிளகளவுக் கற்கள் பதினொன்றைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். கேள்வி கேட்ட அந்த உறவினர் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, அத்தான் தானே எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.