மரக்கறி வியாபாரத்துக்கு ஒரு கணக்கு மென்பொருள் தேடியபோது

நுவரெலியாவிலும் அதைச் சுற்றியும் உள்ள 14 விருந்தினர் விடுதிகளுக்கு நானும் என் மனைவியும் ஒரு சிறிய வேனில் மரக்கறி விநியோகித்து வருகிறோம். பல ஆண்டுகளாக எங்கள் கணக்கெல்லாம் சி.ஆர். கொப்பி என்னும் தடித்த அட்டைக் குறிப்பேட்டில்தான் இருந்தது. ஒரு விடுதி 11 பட்டியல்களுக்கு (பில்களுக்கு) சேர்த்து ஒரே காசோலை கொடுத்து, அழுகிய கரட்டுக்கென்று ஒரு தொகையையும் கழித்துக்கொண்டபோது, எந்தப் பட்டியலில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதங்கள் சென்றன. அதன் பிறகுதான் மென்பொருள் தேடத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது, இந்திய வியாபாரிகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு கைபேசிச் செயலி. பட்டியலைப் போட அரை நிமிடம் போதும். ஆனால் அந்நாட்டு ஜி.எஸ்.டி. வரிக்கான கட்டங்கள் வெறுமையாக அச்சாகி வந்ததைக் கண்ட விடுதிக் கணக்காளர், "இது என்ன வரி?" என்று கேட்டுப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டார். 2024 ஜனவரியில் இலங்கையில் பெறுமதி சேர் வரி (வற்) 18 சதவீதமாக உயர்ந்தபோது அதற்குப் பதிவு செய்ய வேண்டிய எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாயாக இருந்தது. எங்கள் விற்பனை அதன் அருகில்கூட இல்லை. பதிவில்லாதவர் அவ்வரியை அறவிடவும் கூடாது என்பதால், வரி என்ற சொல்லே இல்லாத பட்டியல்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

இணையவழி மென்பொருள்களை நான் அதிகம் ஆராயவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும், 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 300 ரூபாயைத் தாண்டியதையும் கண்ட ஒருவன், மாதச் சந்தாவை டொலரில் கட்டத் தயங்குவது இயல்புதானே. மேலும், கந்தப்பளைப் பக்கம் மழை இறங்கினால் சிக்னலும் போய்விடும்.

ஆகவே கணினியிலேயே நிறுவக்கூடிய இலவச மென்பொருள்கள் இரண்டை, குனூகேஷ், மெனேஜர் ஆகியவற்றை, உயர்தரத்தில் வணிகம் படித்த என் மருமகளோடு உட்கார்ந்து ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையில் ஒப்பிட்டுப் பார்த்தேன். "மாமா, குனூகேஷ்ல இரட்டைப் பதிவு அப்படியே கண்ணுக்குத் தெரியுது, எனக்கு அதுதான் புடிக்கும்" என்றாள் அவள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரவு, செலவு என்று இரு பக்கமும் எழுதும் அந்த முறையில், எனக்கோ வரவு எது, செலவு எது என்பதிலேயே தடுமாற்றம். மெனேஜரில் வாடிக்கையாளர், பட்டியல், பெற்ற பணம் என்று நாம் பேசும் வரிசையிலேயே வேலை நடந்தது.

இரண்டிலும் ஒரே பரீட்சைதான் வைத்தேன்: அந்தப் பழைய காசோலை. ஒரே பற்றுச்சீட்டில் 11 பதிவுகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் உரிய பட்டியலோடு இணைத்து, கழிக்கப்பட்ட தொகையைத் தனியொரு கிரெடிட் நோட்டாக (பட்டியல் தொகையைக் குறைக்கும் குறிப்பாக) எழுத முடிகிறதா? யார் எவ்வளவு, எத்தனை நாள்களாகத் தரவில்லை என்பதை ஒரே பக்கத்தில் காண முடிகிறதா? பொருளாதார மத்திய நிலையம் என்னும் மொத்தச் சந்தையில் லீக்ஸ் விலை நாளுக்கு நாள் மாறுவதால், பட்டியல் போடும்போதே விலையைத் திருத்தவும் 2.35 கிலோ என்று எழுதவும் இடம் கொடுக்கிறதா? எனக்கு இவை மெனேஜரில் எளிதாக அமைந்தன. இலாபத்தைப் படமாக வரைந்து காட்டும் வசதிகளை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நமது வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால் 2025 ஏப்ரல் 1ஐயே தொடக்க நாளாக வைத்து, அன்று நிலுவையில் இருந்த ஒவ்வொரு பட்டியலையும் அதன் பழைய திகதியோடு பதிவு செய்தோம். நிலுவையை ஒரே மொத்தத் தொகையாகப் போட்டிருந்தால் அந்தக் காசோலைச் சிக்கல் மறுபடியும் வந்திருக்கும். விவசாயிகள் பட்டியல் தருவதில்லை என்பதால், அவர்களிடம் காசுக்கு வாங்குவதற்கு நாங்களே வவுச்சர் எழுதிக் கையொப்பம் பெறுகிறோம்.

ஒரு குறை உண்டு: பழைய பட்டியலை எவரும் திறந்து மாற்றிவிடலாம். ஒருமுறை நானே தவறுதலாக மாற்றிவிட்டேன். இப்போது மாத முடிவில் பூட்டும் திகதியை (அதற்கு முந்திய பதிவுகளை மாற்றவிடாத திகதியை) முன்னகர்த்தி, கோப்பின் பிரதியொன்றைப் பென்டிரைவில் எடுத்து அலுமாரியில் வைக்கிறோம். விடுதி வாசலில் நிறுத்துக் கொடுக்கும்போது மனைவி இன்னும் சி.ஆர். கொப்பியில்தான் எழுதுகிறாள், இரவில் அதைப் பார்த்துத்தான் நான் கணினியில் பதிகிறேன்.