கூப்பன் கோடு 4 பேர்

எங்கள் பொருளை விற்க, லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் இருப்பவரை வைத்து ரீல் போட்டோம். லைக்குகள் கொட்டின. கூப்பன் கோடைப் பயன்படுத்தியது மொத்தம் 4 பேர். அதில் ஒருவர் என் மச்சான்.

ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூணாம் நாள் கமென்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். தீ, இதயம், கைதட்டல். போட்டவர்களில் பாதிப் பேர் அவரைப் போலவே ரீல் போடுகிறவர்கள்! விலை கேட்டது ஒரே ஒரு பெண். அவருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை, நாங்கள் உட்பட.

ரீலில் வந்தவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஃபாலோயர்ஸ் யார், என்ன வயசு என்று காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கேட்காதது நான். வரிக்கு வரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்ததும் நான்.

இப்போது எங்களிடம் ஏற்கெனவே வாங்கிய, சின்ன கணக்கு வைத்திருக்கும் 3 பேரிடம் பேசியிருக்கிறேன். ஆளுக்கொரு தனி லிங்க். ஸ்கிரிப்ட் கிடையாது. அந்தப் பெண்ணுக்கும் பதில் போட்டாச்சு, 11 நாள் கழித்து.