போனைப் பார்க்கும் டாக்டர்

தக்கலைப் பக்கம் ஓ.பி.யில் நான் போனை எடுத்தாலே முகங்கள் மாறும். “மருந்து தெரியாமலா டாக்டரே போன நோண்டுதீங்க?” என்று ஒரு பாட்டா நேராகவே கேட்டார். சீனியர்கள் சிலருக்கும் அதே நினைப்புதான், வாய்விட்டுச் சொல்வதில்லை. 1996-லேயே பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வந்துவிட்டது. இது ஒன்றும் நேற்று முளைத்ததல்ல.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இது மனப்பாடம். கூடவே இன்னும் ஏழெட்டு மாத்திரை ஓடினால்? போனில் மருந்து ஆப்பைப் பார்த்துத்தான் எழுதுவேன், வெட்கமில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு டோஸ் குறைக்க சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் 1976-ன் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் இருக்கிறது. வயது, எடை, ஆணா பெண்ணா, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு, இவற்றைப் போட்டால் நொடியில் விடை. ஆனால் எடையைக் குத்துமதிப்பாகப் போட்டால் விடையும் குத்துமதிப்புதான். எடை மெஷினில் ஏற்றிப் பார்க்காமல் ஆப்பைத் திறக்கும் ஜூனியர்களிடம்தான் எனக்குச் சண்டை.