ஓமனில் கார் ஓட்டப்போகும் அக்கா மகனுக்கு

ஜூன் 4, வேலூர்

அக்கா மகன் அடுத்த மாதம் குடும்பத்தோடு ஓமன் போகிறான். மஸ்கட்டில் வாடகைக்குக் கார் எடுத்து சலாலா வரை தானே ஓட்டப்போகிறானாம். "மாமா, நீங்க அங்க வண்டி ஓட்டினவர், எதெல்லாம் பார்த்துக்கணும்?" என்று கேட்டான். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆர்டிஓ ஆபீஸ். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்குப் படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் வேண்டும். கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அது வந்துவிட்டதென்று ஒரிஜினல் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே. இரண்டும் கையில் இருக்கணும்.

ஜூன் 7

இன்று இங்கே வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானா பக்கம் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நன்றாகத்தான் ஓட்டுகிறான். ஆனால் கிடைத்த இடைவெளியில் மூக்கை நுழைக்கிற பழக்கம் ஓமனில் ஆகவே ஆகாது. அங்கே ரவுண்டானாவுக்குள் சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் வண்டிகள் உனக்கு இடப்பக்கமிருந்து வரும். அந்தப் பக்கம் பார்த்து, நின்று, அப்புறம் நுழை.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இண்டிகேட்டர் போட நினைத்து வலது கையால் தட்டினால் வைப்பர் ஓடும். இண்டிகேட்டர் இடது கைப் பக்கம். கிளம்புவதற்கு முன்னால் நின்ற வண்டியிலேயே பத்து தடவை போட்டுப் பழகு. ஆட்டோமேட்டிக் வண்டியே கேள்.

ஜூன் 11

எனக்கு உண்மையான பயம் வாதியை நினைத்துத்தான். வாதி என்றால் வருஷத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. பல இடங்களில் சாலை அதன் அடியிலேயே குறுக்காகப் போகும். நம் பாலாறு மாதிரிதான். 2021 நவம்பரில் எங்கோ மேலே பெய்த மழைக்கு இங்கே கரை நிறைய தண்ணீர் வந்ததே, அவனும் பார்த்தவன்தானே. ஆனால் வாதியில் அந்த அவகாசம்கூடக் கிடைக்காது. உன் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலையில் மழை பெய்திருக்கும், சில நிமிஷங்களில் தண்ணீர் வந்துவிடும்.

ஓரத்தில் ஆழம் காட்டும் கம்பங்கள் நட்டிருப்பார்கள். தண்ணீர் ஓடினால் முன்னால் போகிறவன் கடந்தாலும் நீ இறங்காதே. ஓடும் வாதியைக் கடப்பது அங்கே சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் பள்ளி வண்டி ஒன்று அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். திரும்பிப் போ, இல்லையென்றால் மேட்டில் காத்திரு. அவசரத்துக்கு 9999.

ஜூன் 15

சலாலா சுமார் 1000 கிலோமீட்டர். ஆதம், ஹைமா இரண்டு ஊரிலும் டேங்கை நிரப்பிவிடு, தண்ணீரும் வாங்கிக்கொள். இருட்டிய பிறகு பாலைவனச் சாலை வேண்டாம். ஒட்டகம் குறுக்கே வந்தால் கார் அதன் காலில்தான் மோதும். உடம்பு அப்படியே கண்ணாடி மேல் விழும். ஹைமாவில் ரூம் போட்டுத் தூங்கு.

ஜூலையில் சலாலா மலையில் கரீஃப் (அங்கே மழைக்காலத்தை அப்படித்தான் சொல்வார்கள்) மூடுபனி அடர்த்தியாக இருக்கும். ஹை பீம் போட்டால் பனியே கண்ணைக் கூசும், லோ பீமில் மெதுவாகப் போ. ஜெபல் அக்தர் மலைக்குப் போக ஆசை இருந்தால் ஃபோர் வீல் டிரைவ் எடு. மலையடிவாரத்து பிர்கத் அல் மூஸ் சோதனைச் சாவடியில் மற்ற வண்டியை விடமாட்டார்கள்.