இரண்டு மேசைகள்

தலைமைதான் பெரிது, நிர்வாகம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை என்று எங்கள் ஆபீஸில் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒருவர் நாள் முழுக்கப் பேசிவிட்டுப் போனார். எனக்கு அது ஒப்பவே இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண்புரை அறுவை செய்தவர். கையில் காசில்லை என்பதற்காக யாருக்கும் பார்வை போகக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். தங்கை, தம்பி என்று குடும்பமே அவர் பின்னால் வந்தது. சம்பளத்தைக் காட்டி அப்படி யாரையும் கூட்டிவர முடியாது, அதைத்தான் தலைமை என்கிறேன்.

சரி, அந்தப் பிடி மட்டும் இருந்திருந்தால்? கொஞ்ச நாள் இலவசமாகப் பார்த்திருப்பார்கள், அப்புறம் பணம் தீர்ந்திருக்கும். அங்கே ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்ததில் இன்னொருவரைப் படுக்கவைத்துக் கண்ணைச் சுத்தம் செய்து எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள், இது முடிந்த கையோடு டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்வார். அப்படித் தயார் செய்கிறவர்களில் நிறையப் பேர் கிராமத்துப் பெண்கள், பள்ளி முடித்ததும் சேர்த்து அங்கேயே பயிற்சி கொடுக்கிறார்கள். பணம் கட்டுகிறவர்களிடம் வருவதை வைத்துத்தான் கட்ட முடியாதவர்களுக்கும் நடக்கிறது. புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். கணக்கு, அட்டவணை, ஆளுக்கு இன்ன வேலை என்ற பிரிவினை, எல்லாமே நிர்வாகம். மெக்டொனால்ட்ஸ் கடைகளில் எங்கே போனாலும் ஒரே தரம் எப்படி வருகிறது என்று அந்தப் பெரியவரே ஆர்வமாகப் பார்த்திருக்கிறார். அவருக்கு நிர்வாகம் இளக்காரமாகப் படவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி அருமையாகப் பேசுவார். மாதக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது உடம்பில் புது ரத்தம் ஓடுவது போலிருக்கும். ஆனால் யாருக்கு எந்த ஷிப்ட் என்று ஒரு பட்டியல் போட மாட்டார். என் பக்கத்து சீட் அக்கா தொடர்ந்து மூன்று ஞாயிறு வந்து உட்கார்ந்தார், நாலாவது வாரம் வேலையை விட்டுவிட்டார். அந்த டீமில் அவரைவிட வேலை தெரிந்தவர் கிடையாது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இப்போது என் பொறுப்பில் ஆறு பேர். வியாழக்கிழமையே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுவேன், யார் வீட்டில் கல்யாணம், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று. வெள்ளி சாயங்காலம் பட்டியல் ஒட்டியாகிவிடும். ஆனால் இந்த வேலையை நாம் எதற்காகச் செய்கிறோம் என்று அவர்கள் மனதில் படும்படி பேச எனக்கு இன்னும் வரவில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி நேராகவே கேட்டுவிட்டான், "அண்ணே, இந்த ரிப்போர்ட்டை யார்தான் படிக்கிறாங்க?" என்று. திங்கட்கிழமை அவனை உட்காரவைத்துப் பேச வேண்டும்.